உடுப்புக்கொடியைத் தீட்டுவது கோழைத்தனமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41. காலையில் ஒரு மருந்தகத்தில் கணக்கு எழுதுகிறார். மாலை வகுப்புகளும் வார இறுதி வகுப்புகளுமாக நான்கு வருடங்கள் ஓவியம் படித்து, இன்னும் ஐந்து மாதங்களில் இறுதிக் கண்காட்சியையும் வாய்மொழித் தேர்வையும் எதிர்கொள்ளவிருக்கிறார். தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. கணவரும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனும், ஆறாம் தரத்தில் படிக்கும் மகளும், தொய்வு நோயுள்ள மாமியும் உடனிருக்கிறார்கள். நீண்ட கடிதத்தின் முக்கிய பகுதிகளை மட்டும் இங்கே தருகிறேன்.

“என்னுடைய விரிவுரையாளர் நல்ல மனிதர். இறுதிப் படைப்புக்கு யுத்தத்தையும் இடப்பெயர்வையும் எடுத்துக்கொள்ளும்படி சொல்கிறார். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்குப் பதினொரு வயது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நான்கு வருடங்களாக என் கொப்பிகளை நிறைத்திருப்பது எங்கள் மொட்டைமாடியிலுள்ள உடுப்புக்கொடிதான். மாமி ஒவ்வோர் உடுப்பையும் இரண்டு முறை உதறி, மடிப்பை நீவி, உட்புறம் வெளியே தெரியும்படி போடுவார். கடற்காற்று வீசும்போது வெள்ளைச் சீருடைகள் நிரம்பி எழும்பும். உள்ளே ஆள் நிற்பதுபோல இருக்கும். இதையே இறுதிப் படைப்பாக வைத்தால் அது கோழைத்தனமா? இன்னொரு பக்கம் நேரம் கிடைப்பதில்லை. எல்லோரும் நித்திரையான பிறகு இரவு பதினொரு மணிக்குத் தொடங்குகிறேன். பல நாட்களில் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். டர்பன்டைன் மணம் மாமிக்கு இழுப்பைக் கொண்டுவருகிறது. வகுப்பில் மற்றவர்களுக்கு இருபத்திரண்டு வயது. அவர்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தங்கள் படங்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு நாக்கு எழுவதில்லை. பட்டம் எடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இருபது வருடங்களுக்கு மேலாக மாணவர்களின் இறுதியாண்டுப் படைப்புகளை மதிப்பிட்டு வருகிறேன் என்பதால், ஒருவர் தம் படைப்பைப் பற்றி எழுதும் வாக்கியங்களில் எது கண்ணால் கண்டு எழுதப்பட்டது, எது கடமைக்காக எழுதப்பட்டது என்பதை ஓரளவு பிரித்தறிய முடிகிறது. இடப்பெயர்வைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரு வாக்கியம். அதில் மாதமும் வயதும் இருக்கின்றன. கொடியைப் பற்றி எழுதிய இடத்தில் ஒரு பெண்ணின் கைகளும், இரண்டு முறை உதறும் பழக்கமும், காற்றும், வெள்ளை நிறமும், உள்ளே ஆளில்லாத சட்டையும் இருக்கின்றன. நான்கு வருடங்களாக உங்கள் கண் எங்கே உழைத்திருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. ஆகவே கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கோழைத்தனம் ஆகாது.

உங்கள் விரிவுரையாளரின் நோக்கத்தைக் குறைசொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடி பதிவுசெய்ய வேண்டும் என்று எண்ணும் ஓவியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பணி அவசியமானது. ஆயினும் கொழும்பில் தமிழ் ஓவியர் ஒருவரின் பெயரைச் சுவரில் கண்டதுமே, முட்கம்பியையும் தலையிழந்த பனையையும் எதிர்பார்த்து நெருங்கும் பார்வையாளர்கள் உண்டு என்பதையும் நாம் அறிவோம். அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு உங்களுடையதல்ல. பதினொரு வயதில் நடந்த நடையை எப்போது தீட்டுவது, தீட்டத்தான் வேண்டுமா என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிக்க முடியாது. அதைத் தொடும்போது நித்திரை குலைகிறது, பகலிலும் மனம் அங்கேயே நிற்கிறது என்றால், அந்த வேலையை மதிப்பெண்ணுக்காகத் தனியே செய்யாதீர்கள். முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

பெரிய இழப்பைச் சிறிய பொருளின் வழியாகச் சொன்னவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், பழைய காணிப் பதிவேடான தோம்பின் பெயரைத் தாங்கி 2011இல் வெளியிட்ட நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளின் நிலவரைபடங்களை நினைவிலிருந்து கீறித் தந்தார்கள். குசினி எங்கே இருந்தது, கிணறு எந்தப் பக்கம் என்று ஒருவர் பேனையால் கோடு போடும் அந்தத் தயக்கமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 1943இல் கொழும்பில் நவீன ஓவியர்கள் சேர்ந்து அமைத்த 43 குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ் 1953இல் இங்கிலாந்துக்குப் போனவர். 1988இல் அங்கேயே காலமாகும்வரை, விட்டுவந்த கடற்கரையைத்தான் திரும்பத் திரும்பத் தீட்டினார். அவருடைய படங்களில் பிரிவு என்ற சொல் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

காற்று நிரப்பிய, ஆளில்லாத சீருடைகளுக்கும் 1995க்கும் தொடர்பு உண்டா என்று உங்களிடம் கேட்கமாட்டேன். நீங்களும் அதைப் படைப்புக் குறிப்பில் எழுத வேண்டாம். படத்தின் தலைப்பிலும் வைக்க வேண்டாம். பார்ப்பவர் தாமாகக் கண்டால் காணட்டும். விரிவுரையாளருடன் வாதாடவும் அவசியமில்லை. கொப்பிகளிலிருந்து பன்னிரண்டு கோட்டோவியங்களைத் தெரிந்தெடுத்து, காலவரிசையில் ஒரு மேசையில் பரப்பி, அவரை ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். அவர் நல்ல மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பார்த்தால் விளங்கிக்கொள்வார். கண்காட்சி மண்டபத்தில் உண்மையான கொடியைக் கட்டி உண்மையான உடுப்புகளைத் தொங்கவிடலாம் என்று யாரேனும் யோசனை சொல்லக்கூடும். அதை ஏற்காதீர்கள். நான்கு வருடங்கள் நீங்கள் கற்றது தீட்டுவதற்கு.

இனி நேரத்துக்கு வருகிறேன். இரவு பதினொரு மணி என்பது உங்கள் நாளில் மிஞ்சிய நேரம். மிஞ்சியதைக் கொண்டு சமைக்கலாம். ஐந்து மாதத்தில் ஒரு கண்காட்சியை எழுப்ப முடியாது. மேலும் உங்கள் பொருளின் உயிர் வெள்ளை நிறத்தில் இருக்கிறது. மஞ்சள் மின்குமிழின் கீழே வெள்ளையின் நிழலைக் கலப்பவர், மறுநாள் பகலில் அது சேறாகத் தெரிவதைக் காண்பார். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஏழு பாகை வடக்கே இருப்பதால் வருடம் முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. மொட்டைமாடியில் ஏழு மணி முதல் ஒன்பது மணிவரை ஒளி பக்கவாட்டில் விழும். அப்போதுதான் துணியின் மடிப்புக்கு உருவம் கிடைக்கும். நிழலிலுள்ள வெள்ளை வானத்தின் நீலத்தை வாங்கியிருப்பதையும், சீமெந்துத் தளத்தை நோக்கிய அடிப்பாகம் சற்றே மஞ்சளேறி வெதுவெதுப்பாக இருப்பதையும் அந்த இரண்டு மணிநேரத்தில் காணலாம். உச்சி வெயிலில் இந்த வேறுபாடுகள் அழிந்துவிடும்.

ஆகவே வேலையை ஒளிக்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் அதிகாலை நாலரை முதல் ஐந்தரை வரை, நிறத் தீர்மானம் தேவைப்படாதவற்றைச் செய்யுங்கள்: சட்டத்தில் துணி இழுத்தல், பூச்சடித்தல், கரியால் அமைப்பைக் கீறுதல், கறுப்பு வெள்ளையில் ஒளிநிழலைத் தீர்த்தல். ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டவும் வேலைக்குப் போகவும் உங்களுக்கு உடம்பில் தெம்பு வேண்டும். நிறத்தைத் தொடும் வேலையை வார இறுதிப் பகலுக்கு வையுங்கள். காலை வகுப்பு இல்லாத ஒரு ஞாயிறையோ சனியையோ ஏழு முதல் பத்து வரை உங்களுடையதாக்கி, அதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் நேரம் ஒவ்வொரு முறையும் பறிபோகும். குறித்து வைத்த நேரத்துக்கு வீடு பழகிவிடும். மகனுக்குப் பரீட்சை நெருங்கும் மாதத்தில் மட்டும் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரவில் படுங்கள்.

மாமியின் தொய்வு விடயத்தில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை: டர்பன்டைன் அந்த வீட்டைவிட்டு இன்றே வெளியேற வேண்டும். யன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மணமில்லாத கரைப்பான் என்று விற்கப்படுவதும் ஆவியாகி மூச்சோடு உள்ளே போவதுதான். எண்ணெய் வர்ணத்தை விட மனமில்லையென்றால் கரைப்பானே இல்லாமல் வேலைசெய்ய முடியும். தூரிகையை முதலில் சமையல் எண்ணெயில் துடைத்து, பிறகு சவர்க்காரத்தால் கழுவலாம். ஆனால் உங்கள் நிலையில் அக்ரிலிக்கையே சிபாரிசு செய்வேன். காரணம் மூச்சு மட்டுமல்ல. எண்ணெய் வர்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை; ஆளி எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மெல்ல இறுகுகிறது. தடித்துப் பூசிய இடம் உள்ளே இறுக மாதங்கள் ஆகும். ஐந்து மாதத்தில் தொங்கவிட வேண்டிய படத்தைக் கடைசி வாரங்களில் எண்ணெயில் திருத்தினால், ஒட்டும் ஈரத்தோடுதான் அதை முச்சக்கர வண்டியில் ஏற்றுவீர்கள். அக்ரிலிக் நம் வெப்பத்தில் தட்டிலேயே காய்ந்து போகும் என்ற குறை உண்மை. மூடியுள்ள ஒரு தட்டையான பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமான துணியை விரித்து, அதன்மேல் வெண்ணெய்க் கடதாசி போட்டு, அதில் வர்ணத்தைக் கலந்தால் அடுத்த நாளும் ஈரமாக இருக்கும். காயும்போது நிறம் சற்றுக் கருமையடையும் என்பதை நினைவில் வைத்து, வெள்ளையை ஒரு படி வெளிறக் கலந்துகொள்ளுங்கள்.

எண்ணெய் வர்ணத்தில் தொடங்கிய படம் ஏதும் வீட்டில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஆளி எண்ணெய் தோய்ந்த கந்தைகளைக் கசக்கிக் குவித்து வைக்கும்போது, அவை இறுகும் வேதிவினையால் தாமாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரத்தில் போட்டு வெளியேற்றுங்கள். நீங்கள் வாழ்வது பல குடும்பங்கள் இருக்கும் கட்டடம்.

துணிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிப் பொருட்களின் விலை எப்படி ஏறியது என்பதை நீங்கள் கடையில் கண்டிருப்பீர்கள். புறக்கோட்டைத் துணிக்கடைகளில் வெளுக்காத தடித்த பருத்தித் துணியை வாங்கி, நீங்களே இழுத்து, இரண்டு தடவை பூச்சடித்தால் உங்கள் தேவைக்குப் போதும். சேமித்த பணத்தில் வெள்ளை வர்ணத்தை மட்டும் நல்லதாக வாங்குங்கள். கடலோர ஈரக்காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும் என்பதால், முடிந்த படங்களை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

வகுப்பிலுள்ள இளைஞர்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவுமில்லை. அவர்களுக்கு இருக்கும் நேரம் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு இருக்கும் பொறுமை அவர்களில் பலருக்கு இன்னும் வரவில்லை. முடிந்தால் அவர்களில் ஒருவரோடு நட்பாகுங்கள், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் ஒரு காரியத்துக்கு அது உதவும்.

மொழியைப் பற்றிய உங்கள் அச்சம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. தமிழில் சிந்தித்துப் பிற மொழியில் தேர்வுக்கு நிற்கும் மாணவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் செய்யும் தவறு, படைப்புக் குறிப்பை நேரடியாக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவது. அப்போது தெரிந்த ஆங்கிலச் சொற்கள் எண்ணத்தை இழுத்துக்கொண்டு போகும். அடையாளம், நினைவு, வெளி என்று எவருடைய படத்துக்கும் பொருந்தும் ஒரு பந்தி உருவாகும். முதலில் தமிழில் எழுதுங்கள். எனக்கு எழுதியதுபோல மாமி உதறுவதையும் நீவுவதையும் எழுதுங்கள். ஒரு படத்துக்கு நான்கு வாக்கியம் போதும். பிறகு அதை எளிய ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பெயர்த்து, சத்தமாக வாசித்துப் பழகுங்கள். தேர்வாளர் கேட்பவை பெரும்பாலும் சில கேள்விகளே: ஏன் இந்த அளவு, ஏன் இந்த ஊடகம், எந்தப் படம் தோற்றது, அதிலிருந்து என்ன மாற்றினீர்கள். தோற்ற படத்தைப் பற்றிய பதிலைத்தான் நான் எப்போதும் அதிகக் கவனத்தோடு கேட்பேன். அதைத் தயார்செய்து வையுங்கள். சொல் தடுமாறினால் படத்தின் அருகே போய்க் கையால் இடத்தைக் காட்டிப் பேசுங்கள். கொழும்பிலுள்ள நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் குறிப்புகளை மும்மொழியிலும் வைக்கிறது. ஒரு நாள் போய், ஒரே படத்தின் தமிழ்க் குறிப்பையும் ஆங்கிலக் குறிப்பையும் பக்கத்தில் பக்கமாக வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய கலைச்சொற்கள் அங்கே கிடைக்கும்.

பட்டத்துக்குப் பின்னர் என்ன என்ற கேள்வியைக் கடிதத்தின் கடைசியில், அவசரமாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகத் தோன்றியது. நான் படிப்பை முடித்த அன்று வேலைக்கூடத்தின் திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வருடங்கள் ஒரு படமும் தீட்டவில்லை. சோம்பல் காரணமல்ல, வர்ணம் வாங்கக் காசும் ஓரளவு இருந்தது. திறப்போடு சேர்த்து நான் இழந்தவை, போக வேண்டிய ஓர் இடமும், முடிக்க வேண்டிய ஒரு திகதியும், பார்த்து இரண்டு வார்த்தை சொல்லும் மனிதர்களும். அந்த மூன்றும் கல்வி நிறுவனம் தந்தவை என்பதும், அவை இல்லாமல் என்னால் வேலை செய்ய முடியாது என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை. உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால்தான் அதிகாலை ஒரு மணிநேரத்தையும் வார இறுதி மூன்று மணிநேரத்தையும் இவ்வளவு வற்புறுத்தினேன். அவை கண்காட்சிக்காக மட்டும் போட்ட ஏற்பாடாக இருக்கக் கூடாது. கண்காட்சி முடிந்த அடுத்த ஞாயிறும் நீங்கள் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். பார்ப்பதற்கு இரண்டு பேரை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். வகுப்புத் தோழர் ஒருவரும், உங்களைவிட மூத்த ஓவியர் ஒருவரும் போதும். மாதத்தில் ஒரு மாலை, ஒருவர் வீட்டில், ஆளுக்கு இரண்டு படம்.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தக வேலையை விடாதீர்கள். 43 குழுவில் ஜெப்ரி பீலிங் சித்திரக் கல்விப் பரிசோதகராக இருந்தார்; ஒப்ரி கொலெட் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் கீறினார். சம்பள வேலை பார்த்தவர்கள் என்பதால் அவர்களுடைய ஓவியம் சிறுத்துப் போகவில்லை. பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடான சபுமல் மன்றத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். அந்தத் தலைமுறையின் படங்களை ஒரு வீட்டின் அறைகளுக்குள், வீட்டு ஒளியில் பார்ப்பது உங்களுக்கு மிகவும் பயன்படும். அரச பாடசாலையில் சித்திர ஆசிரியராக எண்ணியிருந்தால், அத்தகைய நியமனங்களில் வயதெல்லை விதிக்கப்படுகிறது என்பதை மனதில் வைத்து, வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்த பிறகே நம்பிக்கை வையுங்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழில் சித்திரம் கற்க விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு சிறு வகுப்பை நடத்துவது உங்களால் முடிந்தது.

விற்பனைக்கு, 1993இல் தொடங்கிய கலாபொல போன்ற திறந்தவெளிச் சந்தை நல்ல தொடக்கம். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஒரு நாள் முழுவதும் வெயிலில் நின்று, முன்பின் அறியாதவர்கள் உங்கள் படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்ப்பது, விற்காவிட்டாலும் பெரிய பாடம். விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். விலையைப் படத்தின் அளவுக்கேற்ப வகுத்து எழுதி வையுங்கள். உறவினருக்கு ஒரு விலை, அந்நியருக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள். படத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை தானாக வாங்கியவரிடம் போய்விடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் எழுபது வருடங்களும் நீடிக்கும். ஒவ்வொரு படத்தையும் கைமாற முன்னர் பகலொளியில் நேராகப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

உறவினர்கள் அடுத்த முறை கேட்டால், காலையில் வேலைக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமையில் படம் கீறுவேன் என்று சொல்லுங்கள். அது முழுமையான பதில்.

இனி இந்த வாரத்துக்குரிய வேலை. சட்டங்களுக்குச் சொல்வதற்கு முன்னர் அளவு நாடாவை எடுத்து, உங்கள் வீட்டுக் கதவையும், படிக்கட்டின் திருப்பத்தையும், லிப்டின் வாசலையும் அளந்து எழுதுங்கள். இறக்க முடியாத படத்தைத் தீட்டிவிட்டுக் கண்காட்சிக்கு முதல் நாள் சட்டத்தைக் கழற்றிய மாணவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த அளவுக்குள் அடங்கும் ஆறு அல்லது ஏழு படங்கள் போதும். பிறகு மாமியிடம், ஞாயிறு காலை உடுப்புப் போடும்போது பக்கத்தில் இருந்து கீறலாமா என்று கேளுங்கள். சுத்தமான காற்றுள்ள இடம் என்பதால் அவருக்கும் சிரமமிராது. ஒவ்வொன்றையும் ஏன் இரண்டு முறை உதறுகிறார் என்பதையும் கேட்டு, அவர் சொல்வதை அந்தக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள்.